யாழ்ப்பாணத்தில் பிள்ளையின் முதல் ஆண்டு: தாள், ஊசி, தண்ணீர், சோறு

எங்களுடைய முதற் பிள்ளை பிறந்தபோது எனக்கும் மனைவிக்கும் புத்தி சொல்ல ஆள்கள் குறைவில்லாமல் இருந்தார்கள். அப்பம்மா ஒன்று சொன்னார், அம்மம்மா அதற்கு மறுதலையாக இன்னொன்று சொன்னார், அயல்வீட்டுக்காரர் இரண்டையும் தவறென்றார். ஆனால் எந்தத் தாளை எந்த அலுவலகத்துக்கு எத்தனை நாள்களுக்குள் கொண்டுபோக வேண்டும், கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் மட்டும் போதுமா, "ஆறு மாதம்" என்பதை எப்படி எண்ணுவது என்ற கேள்விகளுக்கு ஒருவரிடமும் தெளிவான பதில் இருக்கவில்லை. ஒரு பிறப்புப் பதிவுக்காக நான் மூன்று முறை அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை அவை வரும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. பிறப்பதற்கு முன்பே ஓர் உறையை ஆயத்தம் செய்யுங்கள்

கர்ப்பத்தின் எட்டாம் மாதம் தொடங்கியதும் ஒரு நெகிழி உறையை எடுத்து, பெற்றோர் இருவரின் தேசிய அடையாள அட்டைகள், இருவரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், விவாக அத்தாட்சிப் பத்திரம் ஆகியவற்றின் மூலப் பிரதிகளையும் இரண்டிரண்டு நிழற்பிரதிகளையும் அதனுள் வைத்துவிடுங்கள். தாயின் கர்ப்பகாலக் கிளினிக் அட்டை வைத்தியசாலைப் பையில் இருக்க வேண்டும், ஏனெனில் அனுமதிக்கும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.

உறையை மூடுவதற்கு முன் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, எல்லாத் தாள்களிலும் உள்ள பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். என் மாமனாரின் பெயர் மனைவியின் பிறப்புப் பத்திரத்தில் "சுப்பிரமணியம்" என்றும் எங்கள் விவாகப் பத்திரத்தில் "சுப்ரமணியம்" என்றும் இருந்தது. பத்து வருடமாக அது எங்கள் கண்ணில் படவில்லை, பதிவாளரின் கண்ணில் பத்து விநாடியில் பட்டது. பிள்ளையின் பதிவில் பேரனாரின் முழுப்பெயர், அவர் பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியனவும் கேட்கப்படும். இடப்பெயர்வில் தாள்களைத் தொலைத்த குடும்பங்களுக்கு இது இலேசான கேள்வி அல்ல. ஆகவே அதைப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள்.

கோயிலில் தாலி கட்டி, எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பிள்ளை பிறப்பதற்கு முன்னரே விவாகப் பதிவை முடித்துவிடுவது நல்லது. பதிவுத் திருமணம் இல்லாதவிடத்து, தாயும் தந்தையும் இருவருமாகக் கேட்டுக் கையொப்பமிட்டால்தான் தந்தையின் பெயர் பிறப்புப் பதிவில் இடம்பெறும். தந்தை வெளிநாட்டில் இருந்தால் அது எவ்வளவு சிக்கலாகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2. பிறப்புப் பதிவை 42 நாள்களுக்குள் முடியுங்கள்

பிறப்பைப் பற்றிய தகவலை 42 நாள்களுக்குள் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் காலத்துக்குள் பதிவதற்குக் கட்டணம் இல்லை. மூன்று மாதங்கள் கடந்துவிட்டால் அது காலங்கடந்த பதிவாகிவிடும். அதன்பின் சத்தியக் கூற்று, முத்திரை, மேலதிக ஆதாரங்கள், மேலதிகாரியின் அனுமதி என்று வேலை நீண்டுகொண்டே போகும்.

முதலாவது பொறி இடம் பற்றியது. நீங்கள் வசிக்கும் பிரிவில் அல்ல, பிள்ளை பிறந்த பிரிவிலேயே பதிவு நடைபெறும். நாங்கள் கோப்பாய்ப் பக்கம் வசிக்கிறோம், பிள்ளை பிறந்ததோ யாழ்ப்பாண நகரத்தில். நான் முதல் முறை போனது எங்கள் ஊர்ப் பதிவாளரிடம், அந்த அரை நாள் விடுப்பு அப்படியே வீணாயிற்று. அரச வைத்தியசாலையில் பிறந்த பிள்ளைக்கு அந்த வைத்தியசாலையோடு இணைந்த பதிவாளரே பதிவார். ஆதலால் வீட்டுக்குச் செல்ல அனுமதிக்கும் நாளிலேயே, அந்தப் பதிவாளர் எந்தக் கிழமைகளில் எத்தனை மணிக்கு இருப்பார் என்பதை விடுதித் தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பிறந்த பிள்ளையானால் கிராம அலுவலரின் அறிக்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது பொறி நம்முடைய வழக்கத்திலேயே இருக்கிறது. 31ஆம் நாள் துடக்குக் கழித்த பின்னர்தான் பெயர் வைப்போம், அதற்குப் பிறகு சாத்திரியாரிடம் எழுத்துக் கேட்போம், எண்சாத்திரப்படி ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் குறைப்போம், கனடாவில் இருக்கும் மாமாவின் சம்மதத்துக்கும் காத்திருப்போம். 42 நாளில் 31 போனால் எஞ்சுவது பதினொரு நாள். அதற்குள் இரண்டு சனி, ஞாயிறும் ஒரு போயா விடுமுறையும் வந்தால் வேலைநாள்கள் ஆறோ ஏழோதான். துடக்குக் கழிவதற்கு முன்னரே சாத்திரியாரிடம் எழுத்தைக் கேட்டு, வீட்டுக்குள் பெயரைத் தீர்மானித்துவிடுங்கள். தொட்டிலில் இட்டுக் காதில் சொல்வது 31ஆம் நாளில் நடக்கட்டும், அதை யாரும் தடுக்கப்போவதில்லை. உண்மையிலேயே பெயர் முடிவாகாவிட்டால், பிறப்பை மட்டும் பதிந்துவிட்டுப் பின்னர் பெயரைச் சேர்ப்பிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும்.

மூன்றாவது பொறி அவசரம். எழுதி முடித்ததும் பதிவாளர் வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடச் சொல்வார். வரிசை பின்னால் நிற்கிறதே என்று கூச்சப்படாமல், பிறந்த திகதி, நேரம், தாயின் பெயரின் ஒவ்வோர் எழுத்து, பேரனாரின் விபரம் அனைத்தையும் விரல் வைத்து வாசியுங்கள். அந்த இடத்திலேயே பிழையைக் காட்டினால் உடனே திருத்தலாம். கையொப்பமிட்ட பின்பு கண்டுபிடித்தால் அதற்கும் ஒரு விண்ணப்பம், ஒரு சத்தியக் கூற்று, வாரக்கணக்கான காத்திருப்பு. பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், பிறகு எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். மேலதிகப் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். தொடக்கத்திலேயே இரண்டு மூன்று பிரதிகள் எடுத்து வைப்பது நல்லது. ஆனால் மூலப்பிரதிக்கு நெகிழித் தாள் ஒட்டி இறுக்காதீர்கள், சில அலுவலகங்கள் அப்படிப்பட்டதை ஏற்பதில்லை.

3. கிளினிக் கொப்பியும் குடும்பநல உத்தியோகத்தரும்

வைத்தியசாலையிலிருந்து வரும்போது பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு ஒன்று தருவார்கள். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. நாங்கள் எல்லோரும் "கிளினிக் கொப்பி" என்று சொல்வது இதைத்தான். பிறந்த நிறை, போட்ட ஊசிகள், வளர்ச்சி வரைபு, விருத்திப் படிகள் எல்லாம் இதிலேயே இருக்கும். இது தொலைந்தால் தனியார் சிகிச்சை நிலையத்திலும் சரி, பின்னர் பாடசாலைச் சேர்க்கையிலும் சரி, பிள்ளைக்கு என்ன ஊசி போட்டது என்பதை நிரூபிக்கப் பெரும்பாடு படுவீர்கள். ஒவ்வொரு கிளினிக் முடிந்ததும் அன்றைய பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து வைப்பது ஐந்து சதமும் செலவில்லாத காப்புறுதி. எங்கள் கொப்பி ஒருமுறை மழையில் முச்சக்கரவண்டியின் பின்னிருக்கையில் நனைந்து, நான்காம் மாத நிறை அழிந்துபோனது. படம் இருந்ததால் திரும்பவும் எழுதுவித்தோம்.

உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி) முதல் பத்து நாள்களுக்குள் இரண்டு முறையாவது வீட்டுக்கு வர வேண்டும். பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போகும் வழக்கம் இங்கேதான் குறுக்கே நிற்கிறது. நீங்கள் பதிந்திருப்பது கோப்பாயில், படுத்திருப்பது வடமராட்சியில் என்றால் ஒரு பிரிவினர் உங்களைத் தேடுவார்கள், மற்றப் பிரிவினருக்கு நீங்கள் வந்ததே தெரியாது. இடம் மாறும் அன்றே இரண்டு பேருக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

இரண்டு வயது வரை மாதந்தோறும் நிறை பார்ப்பார்கள். அங்கே கவனிக்க வேண்டியது பிள்ளையின் கோடு போகும் திசையை மட்டுமே. அது படுத்தாலோ சரிந்தாலோ உடனே கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் நிறையோடு ஒப்பிடுவதில் ஒரு பயனும் இல்லை. நிறை குறைந்த பிள்ளைக்கு ஆறு மாதத்தின் பின்னர் திரிபோசா என்னும் சத்துமாவை இலவசமாகத் தருவதுண்டு. அது பிள்ளைக்கென்று தரப்படுவது, வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடிப்பதற்கல்ல.

4. முதல் மூன்று வாரங்கள்

பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும், சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றக்கூடாது. நாக்கில் தேன் தொட்டு வைப்பதை எங்கள் வீட்டில் மரியாதையோடு மறுத்தோம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பிள்ளையின் குடலில் முளைத்து நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். "எனக்கும் தொட்டு வைத்ததுதானே" என்ற அப்பம்மாவின் வாதத்துக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனாலும் தேன் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம்.

பால் போதுமா என்ற பயம் எல்லாத் தாய்மாருக்கும் வரும். முதல் வாரத்தில் பிள்ளையின் நிறை பத்து வீதம் வரை குறைவது இயல்பு, இரண்டு வாரமளவில் அது பிறந்த நிறைக்குத் திரும்ப வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது சலம் கழித்தால் பால் போதுமென்று கொள்ளலாம். நாள் முழுவதும் பம்பஸ் கட்டிவிட்டால் இதை எண்ண முடியாது, பகலில் துணிதான் வசதி. சரக்கரைத்த கறியும் பால்சுறா வறையும் தாய்க்கு நல்ல உணவு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதை மட்டும் ஏற்காதீர்கள்.

பிள்ளையின் உடல் மஞ்சளாவது பெரும்பாலும் தானாகவே தெளியும். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். காலை வெயிலில் கிடத்தி நாளைக் கடத்த வேண்டாம்.

5. ஊசித் திகதிகள்

காசநோய்க்கான பீ.சீ.ஜி. ஊசி வைத்தியசாலையிலேயே போடப்படும். அதன்பின் 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியும் போலியோச் சொட்டும். 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான ஊசி. 12 மாதத்தில் யப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி. 18 மாதத்தில் தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றுக்குமான முக்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டும். 3 வயதில் சின்னமுத்து ஊசியின் இரண்டாம் முறை. பிறப்புப் பத்திரம் கிடைத்த அன்றே இத்திகதிகளை நாட்காட்டியில் குறித்துவிடலாம். எல்லாமே "நிறைந்த" மாதங்கள் என்பதை மறவாதீர்கள். நம்மவர்கள் பிறந்த மாதத்தையும் சேர்த்து எண்ணுவதால் ஒரு மாதம் முந்தியே போய் நின்று திரும்பி வருவார்கள்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் இவை அனைத்தும் இலவசம், உங்களுக்குச் செலவு முச்சக்கரவண்டிக் கூலி மாத்திரமே. கிளினிக் நாள்கள் இடத்துக்கு இடம் வேறுபடும். எங்களுடையது மாதத்தின் இரண்டாம், நான்காம் புதன்கிழமைகளில் நடக்கும், ஒன்றைத் தவறவிட்டால் இரண்டு வாரம் போய்விடும். தனியாரிடம் மேலதிகமாக ஏதாவது ஊசி போட்டால் அதன் பெயரையும் தொகுதி எண்ணையும் அதே கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பின் குறைந்தது 20 நிமிடம் அங்கேயே இருங்கள். முன்பு ஏதேனும் ஊசிக்கு வலிப்போ கடும் ஒவ்வாமையோ வந்திருந்தால் போடுவதற்கு முன்னரே வாயைத் திறந்து சொல்லுங்கள். ஆறாம் மாதத்தில் பீ.சீ.ஜி. தழும்பு தோளில் தெரியாவிட்டால் அதையும் காட்டிக் கேளுங்கள்.

அன்றிரவு காய்ச்சல் வரலாம். பரசிட்டமோலை நிறைக்கேற்பக் கொடுக்க வேண்டும், வயதுக்கேற்ப அல்ல. ஆகவே கிளினிக்கிலேயே அன்றைய நிறையைச் சொல்லி எத்தனை மில்லிலீற்றர் என்று எழுதுவித்துக்கொண்டு வாருங்கள். சிரப்பும் துளிமருந்தும் ஒரே செறிவுள்ளவை அல்ல. சிரப்புக்குச் சொன்ன அளவைத் துளிமருந்துப் போத்தலிலிருந்து எடுத்தால் பல மடங்கு கூடிவிடும். தேக்கரண்டியால் அளக்காமல், மருந்தகத்தில் ஊசியில்லாத ஒரு சிறு சிறிஞ் வாங்கி அதனால் அளந்து கொடுங்கள்.

6. தண்ணீர்: யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு கவலை

இந்தப் பகுதியைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள் என்று தெரிந்துதான் நீளமாக எழுதுகிறேன். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளுக்குள் தங்கியிருக்கிறது. மேலே இடும் பசளையும் மலக்குழிக் கழிவும் அந்த வெடிப்புகளினூடாக விரைவாகக் கீழே இறங்கிவிடுகின்றன. வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் நெருக்கமாகச் செய்யும் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களை அண்டிய கிணறுகளில் நைத்திரேற்று என்னும் இரசாயனம் அதிகமாக இருப்பது பல ஆய்வுகளில் கண்டறியப்பட்டது. வளர்ந்தவர்களுக்கு அது தெரிய வராது. ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம்பாயும்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். வீடுகளில் வைத்திருக்கும் மண்வடியும் மெழுகுதிரி வடிவ வடியும் அதை நீக்க மாட்டா, மறுதலைச் சவ்வூடுபரவல் (RO) இயந்திரம் போன்றவற்றால்தான் முடியும். முழுக்கத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லை. தாய் குடிக்கும் தண்ணீரிலுள்ள நைத்திரேற்று பாலுக்குள் பெரிதாகப் போவதில்லை, பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீரும் தேவையில்லை, சித்திரை வெயிலிலும் தேவையில்லை.

வைத்தியர் சொல்லிப் பால்மா கொடுக்க வேண்டி வந்தவர்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பியுங்கள். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திச் செய்யலாம், கிருமிப் பரிசோதனைக்கு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகலாம். மாதிரி எடுக்கும் போத்தலையும் முறையையும் முதலில் அவர்களிடமே கேளுங்கள். நான் சோடாப் போத்தலில் கொண்டுபோய்த் திரும்பி வந்தேன். அறிக்கையில் ஒரு நுட்பம் இருக்கிறது. நைத்திரேற்று என்று குறித்திருந்தால் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், நைத்திரேற்று நைதரசன் என்று குறித்திருந்தால் ஏறத்தாழ 11 மில்லிகிராம். 30 என்ற எண்ணைப் பார்த்து ஆறுதலடைவதற்கு முன் அது எந்த அலகு என்று பாருங்கள். மாரிமழை பசளையைக் கீழே கழுவி இறக்குவதால், கோடையில் எடுத்த ஒரு முடிவை வைத்து ஆண்டு முழுவதற்கும் தீர்மானிக்க வேண்டாம்.

பால்மா கரைக்கும்போது கொதித்த நீர் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறியிருக்கக்கூடாது. மாவிலுள்ள கிருமியைக் கொல்ல 70 பாகை வெப்பமாவது வேண்டும். கரைத்த பின் குளிரவைத்துக் கொடுங்கள், மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

7. சோறு தீத்துவது ஆறு மாதம் நிறைந்த பின்

"ஆறாம் மாதத்தில் சோறு தீத்த வேண்டும்" என்று வீட்டில் சொல்வார்கள். ஆறாம் மாதம் தொடங்குவது ஐந்து மாதம் முடிந்த உடனேயே; கிளினிக்கில் சொல்வது 180 நாள் நிறைந்த பின். நல்லூரிலோ சந்நிதியிலோ நாள் பார்க்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும் நாளாகவே பார்த்துத் தருவார்கள். முந்திய நாள்தான் கிடைத்தது என்றால் கோயிலில் ஒரு பருக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் குழைந்த சோற்றைக் கரண்டியால் மசித்துத் தாய்ப்பால் விட்டுக் கொடுங்கள். கரண்டியைச் சரித்தால் ஒழுகாத பதம் வேண்டும். தண்ணீர்போலக் கரைத்துக் கொடுத்தால் வயிறு நிரம்புமே தவிரச் சத்துச் சேராது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு புதிய பொருள் என்ற கணக்கில் பருப்பு, பூசணி, கரட், முருங்கையிலை, பிறகு முட்டை, முள் நீக்கிய மீன் என்று சேருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பிள்ளைக்கு முதலில் தட்டுப்பாடாவது இரும்புச் சத்து என்பதால் ஈரல், இறைச்சி, நெத்தலித் தூள் ஆகியவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். சைவ வீடுகள் பயறு, கடலை, கீரையோடு தேசிக்காய்ச் சாறோ பழமோ சேர்த்துக் கொடுக்கலாம், புளிப்பு இரும்பை உறிஞ்ச உதவும். ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட மறக்காதீர்கள்.

ஒரு வயது வரை உப்பும் சீனியும் வேண்டாம். தேநீரில் விசுக்கோத்து நனைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறென்று எனக்குப் படுகிறது. தேநீர் இரும்பை உறிஞ்ச விடாது, விசுக்கோத்து பசியைக் கெடுக்கும். வீட்டுச் சத்துமா நல்லதுதான், ஆனால் பத்துத் தானியமும் கச்சானும் கலந்ததை முதல் வாரமே கொடுத்துப் பிள்ளைக்குத் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அதிலுள்ளவற்றைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்த பின் கலவைக்குப் போங்கள். எட்டு மாதமளவில் அரைக்கும் இயந்திரத்தை மூட்டை கட்டிவிடுங்கள். கையால் பிடித்துத் தின்னப் பழகாத பிள்ளை பிறகு கட்டியான எதையும் துப்பும்.

முதற்பல் முளைத்ததும் செய்யும் பல்லுக்கொழுக்கட்டை அன்று கொழுக்கட்டையைத் தலையில் கொட்டட்டும், ஆனால் கொழுக்கட்டையில் குத்தியிருக்கும் தேங்காய்ச் சொட்டுகளைப் பிள்ளை பொறுக்கி வாயில் வைக்காமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். விருந்தினர் எல்லோரும் படம் எடுக்கும் வேளையில் அந்த ஒருவர் யார் என்பதை முன்பே சொல்லி வையுங்கள்.

8. எப்போது காத்திருக்கக்கூடாது

மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டாம், நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். எந்த வயதிலும் பால் குடிக்க மறுத்தல், விலா உள்ளே இழுபட மூச்சு வாங்குதல், வலிப்பு, எழுப்பியும் எழும்பாத சோர்வு, ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை ஆகியவற்றுக்கும் இதுவே விதி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவுவண்டி இலவசமாக வரும். ஒழுங்கைக்குள் வீடு இருந்தால் ஒருவர் ரோட்டு முகப்பில் போய் நிற்க வேண்டும்.

மாரி முடிந்து தைப்பொங்கலை அண்டிய வாரங்கள் இங்கே டெங்குக் காலம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்ட நாளில்தான் ஆபத்துத் தொடங்கலாம் என்பதால் அன்று கூடுதலாகக் கவனியுங்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்னும் உப்புச் சர்க்கரைத் தூளைப் பொதியில் குறித்த அளவு நீர் முழுவதிலும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும், அரைப் பொதியை அரைக் கோப்பையில் போட்டு ஊகிக்கக்கூடாது. தாய்ப்பாலையும் நிறுத்தக்கூடாது.

9. தவழத் தொடங்கும் முன் வளவைச் சுற்றிப் பாருங்கள்

ஏழாம் மாதத்தில் ஒரு மாலை, முழங்காலில் நின்று பிள்ளையின் உயரத்திலிருந்து வீட்டையும் கிணற்றடியையும் பார்த்தேன். கிணற்றுக்கட்டு இடுப்பளவு இருந்தது, ஆனால் பக்கத்திலேயே தொட்டியும் நீர் நிறைந்த வாளியும் இருந்தன. தலை கவிழ்ந்து விழும் பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். கட்டுக்கு மேல் கம்பிவலை அடிப்பித்தோம், தொட்டிக்கு மூடி செய்வித்தோம், வாளியைக் கவிழ்த்து வைப்பதை எல்லோரும் பழகினோம். குசினியின் கீழ்த்தட்டில் சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் இருந்தது. தோட்டக்கார வீடுகளில் கிருமிநாசினியும் அப்படியே இருக்கும். இரண்டையும் அவற்றின் மூலப் போத்தலிலேயே, எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள், மண்ணெண்ணெய் திரும்பி வரும் வழியில் சுவாசப்பைக்குள் போய்விடும். போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.